நிழலும் இடைவேளையும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் இரண்டு விஷயங்களைச் சேர்த்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஒன்று, 1940, 50-களில் அமெரிக்காவில் வந்த நுவார் என்ற இருண்ட குற்றக் கதைப் படங்கள். இன்னொன்று, அதே காலத்தில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்க அங்கே கட்டிய டிரைவ்-இன் அரங்குகளின் விளம்பரங்கள். கடிதங்கள் குவிந்துவிட்டன. பலரும் கேட்டவற்றைத் திரட்டி, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: கொலைப் படம், துப்பறியும் படம் என்று சொன்னால் போதாதா சார்? நுவார் என்று தனியாக எதற்கு ஒரு பிரிவு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

போதாது ஐயா. துப்பறியும் படத்தில் நாம் போலீஸ் பக்கம் நின்று குற்றவாளியைத் தேடுகிறோம். நுவாரில் பெரும்பாலும் தப்பு செய்யப்போகிறவன் பக்கத்தில்தான் நமக்கு இடம். அவன் பிறவிக் கேடி இல்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், பியானோ வாசிப்பவன், சின்ன ஊரில் பெட்ரோல் பங்க் நடத்துபவன் என்று யாரோ ஒருவன். ஒரு பெண்ணுக்காகவோ, பணத்துக்காகவோ, ஒரு பொய்யைக் காப்பாற்றவோ ஒரே ஒருமுறை தலையாட்டிவிடுகிறான். அப்புறம் திரும்பி வர வழி கிடைப்பதில்லை.

இந்தப் படங்களுக்கென்று தனி முகம் இருப்பதை பிரெஞ்சுக்காரர்கள்தான் கவனித்துச் சொன்னார்கள். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த காலத்தில் பாரிஸுக்கு அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்து 1946-ல் 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'லாரா', 'டபுள் இன்டெம்னிட்டி' எல்லாம் அங்கே அடுத்தடுத்துத் திரைக்கு வந்தன. வருடக்கணக்கில் இடைவெளி விட்டுப் பார்த்த அமெரிக்கர்களுக்குத் தெரியாத ஒற்றுமை, வரிசையாகப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அந்த வருடமே அதற்கு 'ஃபிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம், என்று பெயரும் வைத்துவிட்டார்.

அந்த இருட்டுக்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர் போன்ற இயக்குநர்கள் எல்லாரும் பெர்லினில் படத்தொழிலில் பழகி, நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள். நிழலை ஒரு பாத்திரமாக நடமாட விடுவது அவர்கள் கையோடு கொண்டுவந்த வித்தை. இன்னொரு காரணம் சிக்கனம். போர்க்காலத்தில், 1942-ல், ஒரு படத்தின் செட்டுகளுக்குப் புதுப் பொருள் வாங்க 5,000 டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று அரசு உச்சவரம்பு போட்டது. செட்டுக்குக் காசு இல்லாதபோது இருட்டு கைகொடுக்கும். ஒரே ஒரு சுவர், அதில் விழும் ஜன்னல் நிழல். தெரு வேண்டுமென்றால் ஒரு விளக்குக் கம்பம், கொஞ்சம் பனிமூட்டம்.

கேள்வி: கதை தெரிந்துவிட்ட படத்தை மறுபடி பார்ப்பதில் என்ன சுவாரசியம்? அதுவும் கொலைக் கதை.
— ஒரு கல்லூரி மாணவர்

நியாயமான கேள்வி. ஆனால் 'டபுள் இன்டெம்னிட்டி'யை (1944) எடுத்துக்கொள்ளுங்கள். படம் ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே கதாநாயகன் ராத்திரி வேளையில் ஆபீசுக்கு வந்து, குரலைப் பதியும் டிக்டஃபோன் கருவியை வாயருகே வைத்துக்கொண்டு 'நான்தான் கொன்றேன்' என்று சொல்லிவிடுகிறான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் செய்தேன், இரண்டும் கிடைக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான். ஆக, யார் செய்தது என்ற மர்மம் முதல் ரீலிலேயே தீர்ந்துபோகிறது. படத்தை இயக்கிய பில்லி வைல்டர் முதல்முறை பார்ப்பவரையே இரண்டாம் முறை பார்ப்பவர் மாதிரி உட்கார வைக்கிறார். எப்படி மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று மட்டும்தான் கவனிக்கிறோம்.

எனக்கு முதல்முறை பிடிபடாமல் பிற்பாடு பிடிபட்ட ஒன்றைச் சொல்கிறேன். தீக்குச்சிகளைக் கவனியுங்கள். கதாநாயகன் நெஃபின் கம்பெனியில் மூத்த அதிகாரி கீஸ். வாயில் சுருட்டு இருக்கும், கையில் தீப்பெட்டி இருக்காது. ஒவ்வொரு முறையும் நெஃப் கட்டைவிரல் நகத்தால் குச்சியைக் கீறிப் பற்றவைத்து நீட்டுவான். படம் முழுக்க இது சாதாரண ஆபீஸ் பழக்கமாக வந்துபோகிறது. கடைசியில் நெஃப் குண்டடிபட்டு வாசற்படியில் சாய்ந்து கிடக்கிறான். சிகரெட்டை எடுத்து வாயில் வைக்கிறான், பற்றவைக்கத் தெம்பில்லை. கீஸ் குனிந்து, குச்சியை உரசி நீட்டுகிறார். முதல்முறை பார்த்தபோது அது ஒரு நல்ல முடிவு, அவ்வளவுதான். இரண்டாம் முறை, முதல் தீக்குச்சி எரியும்போதே நெஞ்சு கனக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் படத்தை மறுபடி பாருங்கள் என்பேன்.

அப்புறம் அந்தப் பெண்ணின் வீடு. ஜன்னலில் பலகை பலகையாகத் தொங்கும் தட்டித் திரை, அதன் வழியாக வரும் வெயில் கோடு கோடாக அவன் கோட்டின் மேல் விழுகிறது. சிறைக்கம்பி மாதிரி என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் காற்றில் மிதக்கும் தூசு. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகளை ஊதிவிட்டு அதைக் கொண்டுவந்தார். பூட்டிக் கிடக்கும் அறையின் வாடை நம் மூக்குக்கே வருகிறது.

கார் கிளம்பாத காட்சி ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுடைய கணவனின் பிணத்தை ரயில் பாதையில் போட்டுவிட்டு நெஃபும் அவளும் வந்து காரில் ஏறுகிறார்கள். அவள் ஸ்டார்ட் செய்கிறாள். உறுமுகிறது, கிளம்பவில்லை. மறுபடியும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வைல்டரின் சொந்தக் கார் ஒருநாள் படப்பிடிப்பு முடிந்து கிளம்பும்போது மக்கர் செய்ததாம். அங்கே பிறந்ததுதான் இந்தக் காட்சி. இதை ஒரு டிரைவ்-இன்னில், தன் கையைத் தன் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு பார்க்கிறவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: டிரைவ்-இன்னை யார் கண்டுபிடித்தார்கள்?
— பள்ளி மாணவி

ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில். தன் வீட்டு வாசலில் காரின் பானெட் மேல் புரொஜெக்டரை வைத்து, மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி, அதன் பின்னால் ஒரு ரேடியோவை வைத்துப் பரிசோதித்தார். மழை வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோட்டத்துத் தண்ணீர்த் தெளிப்பானைக் கார் மேல் திருப்பிவிட்டார். முன்கார் மறைக்காமல் இருக்க எவ்வளவு உயரம் வேண்டும் என்று முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்துப் பார்த்தார். காப்புரிமை 1933 மே 16-ல் கிடைத்தது. ஜூன் 6-ல் கேம்டன் நகரை ஒட்டி முதல் அரங்கு திறந்தது. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், எத்தனை பேர் வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் இல்லை. குழந்தைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் குடும்பத்தோடு வரலாம் என்பதுதான் அவருடைய விளம்பர வாசகம். அதற்குப் பிறகு வந்த டிரைவ்-இன் விளம்பரங்கள் எல்லாமே இந்த ஒரு வரியின் பிள்ளைகள்தான்.

கேள்வி: நுவார் என்றாலே பாதித் திரை கறுப்பு. அதை வெட்டவெளியில், நிலா வெளிச்சத்தில் காட்டினால் என்ன தெரியும்? இரண்டையும் நீங்கள் சேர்த்து எழுதியதே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.
— போட்டோகிராபர் ஒருவர்

உங்கள் தொழில்காரர்தான் இதைக் கேட்க வேண்டும். நீங்கள் சொல்வது சரி, நன்றாகத் தெரியாது.

மூடிய அரங்கில் கறுப்பு என்றால் கறுப்பு. வெளியில் திரையின் மேல் நிலா விழுகிறது, சாலை விளக்கு விழுகிறது, தாமதமாக வரும் காரின் ஹெட்லைட் விழுகிறது. புரொஜெக்டர் நூற்றுக்கணக்கான அடி தள்ளி இருக்கிறது. திரையும் பிரம்மாண்டம். மேரிலாந்தில் 1956-ல் திறந்த பெங்கீஸ் டிரைவ்-இன்னின் திரை 120 அடி அகலம், 52 அடி உயரம். இருக்கிற வெளிச்சம் அவ்வளவு பெரிய பரப்பில் பரவும்போது நீர்த்துப் போகிறது. கோடைக்காலத்தில் முதல் காட்சி தொடங்கும்போது வானத்தில் சாயங்காலம் இன்னும் மிச்சமிருக்கும். ஜான் ஆல்டன் போன்ற ஒளிப்பதிவாளர் ஒற்றை விளக்கில் செதுக்கிய ஒரு முகம் அங்கே சாம்பல் பூசிய மாதிரிதான் தெரிந்திருக்கும்.

ஆனாலும் சேர்த்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் ஒரே சந்தையில் புழங்கியவை. நுவார் படங்களில் பல, இரட்டைப் படக் காட்சியில் இரண்டாவதாக ஓட்டுவதற்கென்றே மலிவாக எடுத்தவை. 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தைக்கூட யூனிவர்சல் நிறுவனம் இன்னொரு படத்துக்குத் துணைப்படமாகத்தான் வெளியிட்டது. இன்று சினிமாப் பள்ளிகளில் ஷாட் ஷாட்டாகப் பாடம் நடத்துகிற ஆர்சன் வெல்ஸ் படத்துக்கு அன்று கிடைத்த மரியாதை அது. டிரைவ்-இன்களோ போருக்கு முன்னால் நூறை ஒட்டித்தான் இருந்தன. 1958-ல் 4,000-ஐத் தாண்டிவிட்டன. ராத்திரி முழுக்கத் திரையை நிரப்ப அவற்றுக்குப் படங்கள் வேண்டியிருந்தன, அதுவும் மலிவாக.

இன்னொன்று, ஒலி. ஆரம்பத்தில் திரைப் பக்கமிருந்து பெரிய ஒலிபெருக்கிகள் அலறின. பின்வரிசைக்கு வசனம் உதட்டசைவுக்குப் பின்தங்கி வந்து சேரும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கோ தூக்கம் போகும். போருக்குப் பிறகு ஒவ்வொரு காருக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர் பரவலாக வந்தது. கம்பத்திலிருந்து எடுத்து ஜன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நுவார் படங்களில் கதாநாயகன் தன் கதையைத் தானே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு போவான் இல்லையா? அந்தக் குரல் காதுக்குப் பக்கத்தில், உங்கள் காருக்குள்ளேயே ஒலிக்கிறது.

ஆல்டன் ஒளிப்பதிவு செய்த 'தி பிக் காம்போ'வில் (1955) ஒரு கொலை வரும். காது கேட்காத ஒரு ரவுடியைச் சுடப்போகிறார்கள். சுடும் சத்தம் கேட்க வேண்டாம் என்று அவன் காதிலிருக்கும் கருவியைத் தலைவன் பிடுங்கிவிடுகிறான். உடனே படத்திலும் ஒலி நின்றுவிடுகிறது. துப்பாக்கிகளின் வாயில் நெருப்பு மட்டும் பளிச் பளிச்சென்று தெரிகிறது. மூடிய அரங்கில் அது மௌனம். வெட்டவெளியில், ஜன்னலில் தொங்கும் ஸ்பீக்கர் செத்துப்போய், வெளியே பூச்சிகளின் ரீங்காரம் மட்டும் கேட்டிருக்கும். எனக்கு அந்தக் காட்சியை அப்படிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

கேள்வி: நுவார் படங்களுக்குள்ளேயே டிரைவ்-இன் காட்சி வருகிறதா?
— வாசகி

வருகிறது. 'ஒயிட் ஹீட்' (1949), இயக்கம் ரவுல் வால்ஷ். ஜேம்ஸ் காக்னி ரயில் கொள்ளைக்காரன் கோடி ஜாரட்டாக நடித்த படம். மோட்டல் ஒன்றில் ஒளிந்திருக்கும் அவனை ஒரு அதிகாரி மோப்பம் பிடித்து வந்துவிடுகிறார். சுட்டுவிட்டு, அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்புகிறான். சைரன் துரத்துகிறது. சட்டென்று காரைத் திருப்பி நுழையும் இடம் ஒரு டிரைவ்-இன். பர்பேங்கில் இருந்த சான்-வால் என்ற அசல் அரங்கில் எடுத்த காட்சி.

எவ்வளவு கச்சிதமான மறைவிடம் பாருங்கள். நூற்றுக்கணக்கான கார்கள், எல்லாவற்றின் விளக்கும் அணைந்திருக்கிறது, எல்லார் முகமும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. தேடப்படும் ஒருவன் இதைவிடப் பத்திரமாக எங்கே உட்கார முடியும்? எல்லாரையும் போல அவனும் ஸ்பீக்கரை எடுத்து ஜன்னலில் மாட்டுகிறான். அங்கேயே, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த திட்டத்தைச் சொல்கிறான்: ரயில் கொள்ளை நடந்த அதே நேரத்தில் வேறு மாநிலத்தில் நடந்த சின்னக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு, சில வருடம் உள்ளே போய்வந்து, மரண தண்டனைக்குத் தப்புவது. தாயும் மனைவியும் அவனோடு காரில் இருக்க, குடும்பம் படம் பார்க்க வந்த மாதிரியே இருக்கிறது அந்தக் காட்சி. டிரைவ்-இன் விளம்பரங்கள் காட்டிய அதே படம்தான், முன்சீட்டில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம். வால்ஷ் அதை அப்படியே எடுத்து நடுவில் ஒரு கொலைகாரனை உட்கார வைத்துவிட்டார்.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். அங்கே திரையில் ஓடுவது கேரி கூப்பர் நடித்த 'டாஸ்க் ஃபோர்ஸ்'. 'ஒயிட் ஹீட்' மாதிரியே அதுவும் வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, அதுவும் 1949. தன் படத்துக்குள்ளேயே தன் இன்னொரு படத்துக்குக் கம்பெனி விளம்பரம் செய்துகொண்டது.

கேள்வி: பாப்கார்ன் ஆடிப்பாடும் பழைய இடைவேளை விளம்பரங்களைப் பார்த்தேன். வேடிக்கையாக இருந்தன. ஆனால் அவற்றை ஒரு சினிமாப் படைப்புக்குச் சமமாக வைத்து எழுதுவது அதிகமில்லையா?
— திரைப்படச் சங்க உறுப்பினர் ஒருவர்

அதிகமில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 'லெட்ஸ் ஆல் கோ டு தி லாபி'யாக இருக்கும். சிகாகோவின் ஃபில்மாக் நிறுவனத்துக்காக டேவ் ஃப்ளைஷர் தயாரித்தது. பாப்பாய் கார்ட்டூன்களை இயக்கிய அதே ஃப்ளைஷர். சூயிங்கம், பாப்கார்ன், மிட்டாய், குளிர்பானம் நான்கும் வரிசையாக நடந்துவரும். முன்னால் பார்வையாளர்களின் தலைகள் நிழலுருவாகத் தெரியும். பாதுகாக்க வேண்டிய படங்களைப் பட்டியலிடும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2000-ம் ஆண்டு அதற்கும் இடம் கொடுத்தார்கள். 'டபுள் இன்டெம்னிட்டி' இருக்கும் அதே பதிவேடு. சமமாக வைத்தது நான் மட்டும் இல்லை.

அது மூடிய அரங்குக்கென்று எடுத்தது. டிரைவ்-இன்னுக்கு லாபி என்கிற முன்கூடம் ஏது? நடுவில் ஒரு சிற்றுண்டிக் கட்டடம்தான். காரை விட்டு இறங்கி, இருட்டில் சரளைக்கல் மேட்டைக் கடந்து அங்கே நடக்க வைக்க வேண்டும். சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதனை எழுப்ப எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு வினியோகஸ்தருக்குப் போய்விடும். தின்பண்டத்தில் வருவது அரங்குக்காரரிடமே தங்கும். அந்தப் பத்து நிமிட இடைவேளையில்தான் அவருடைய பிழைப்பே இருந்தது.

அதற்காக அவர்கள் செய்த கடிகார விளம்பரத்தைப் பாருங்கள். திரையில் ஒரு பெரிய கடிகாரம், 'இன்னும் 10 நிமிடம்' என்ற அறிவிப்பு. அப்புறம் ஒரு ஹாட் டாக். 'இன்னும் 9 நிமிடம்', ஒரு பீட்ஸா. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பண்டம். முதலில் நிறைய நேரம் இருக்கிறது என்று அவசரமில்லாமல் கூப்பிடுகிறது. ஐந்துக்குக் கீழே வந்ததும் விரட்ட ஆரம்பிக்கிறது. 'இன்னும் 2 நிமிடம்' வரும்போது, போகாதவருக்கும் எதையோ தவறவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இதில் கதை இல்லை, நடிகர் இல்லை. ஆனால் காலத்தை வைத்து ஒருவர் மனதை எப்படி அசைப்பது என்று தெரிந்தவர்கள் எடுத்தது. நுவாரிலும் வங்கிக் கொள்ளைக்கு முன்னால் கடிகாரத்தைத்தானே காட்டுகிறார்கள்?

போட்டோகிராபர் நண்பர் கேட்ட வெளிச்சப் பிரச்சினைக்கும் இந்த விளம்பரக்காரர்களிடம் விடை இருந்தது. மங்கலான பெரிய திரையில், மூச்சுக்காற்றில் ஆவி படிந்த கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டும். ஆகவே தட்டையான அழுத்தமான நிறங்கள், நுணுக்கமில்லாத உருவங்கள், தடித்த எழுத்து, ஒரு நேரத்தில் நாலைந்து சொல். சைட்ஸும் ஆல்டனும் மூடிய அரங்கின் இருட்டை நம்பி வேலை செய்தார்கள். இவர்கள் திறந்த வானத்தோடு மல்லுக்கட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை, சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத சின்னச் சின்ன அறிவிப்புகள். 'கிளம்பும்போது ஸ்பீக்கரைக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போகவும்.' மறந்துபோய் ஒயரைப் பிய்த்துக்கொண்டு காரை எடுத்தவர்கள் ஏராளம் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. பிக் என்ற கொசுவர்த்திச் சுருளுக்கு ஒரு விளம்பரம் உண்டு. சிற்றுண்டிக் கடையிலேயே விற்றார்கள். வாங்கிக் காருக்குள் கொளுத்தி வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படம் பாருங்கள் என்று சொல்லும். அந்தக் கால அமெரிக்கக் கோடை ராத்திரி எப்படி இருந்தது என்று எந்தப் பெரிய படமும் இவ்வளவு நேராக எனக்குச் சொன்னதில்லை.

கேள்வி: அந்த விளம்பரங்கள் எல்லாம் ஏன் ஒரே சிவப்பாகத் தெரிகின்றன?
— வாசகர்

அன்றைய ஈஸ்ட்மேன் கலர் பிரின்ட்களில் நிறச்சாயங்கள் நிலைக்கவில்லை. நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும், மிஞ்சுவது இளஞ்சிவப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளியால் ஆனது. ஃபிலிமை ஒழுங்காகப் பாதுகாத்தால் நிறத்தைப் போல அது மங்காது.

கேள்வி: பழைய நுவார் போஸ்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். அசலா, மறுபதிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று: படம் கறுப்பு வெள்ளை, போஸ்டர் மட்டும் ஏன் வண்ணம்?
— சேகரிப்பாளர் ஒருவர்

முதலில் அளவுநாடாவை எடுங்கள். அந்தக் காலத்துச் சாதாரண போஸ்டர் 27 அங்குலம் அகலம், 41 அங்குலம் உயரம். 24-க்கு 36 என்று வந்தால் அநேகமாகப் பிற்காலத்து மறுபதிப்பு. கடை ஜன்னலில் வைக்கும் அட்டை 14-க்கு 22. அதன் உச்சியில் வெள்ளையாக ஒரு பட்டை விட்டிருப்பார்கள், அரங்கின் பெயரும் தேதியும் உள்ளூரில் அச்சடித்துக்கொள்ள. 40-க்கு 60 என்று கெட்டி அட்டையில் ஒரு வகையும் உண்டு. வெளியில் வைத்தாலும் தாங்கும் என்பதால் டிரைவ்-இன்களுக்கு ஏற்றது.

அடுத்து, மடிப்பு. அப்போது போஸ்டர்களை மடித்துத்தான் அனுப்பினார்கள். 1940-களின் போஸ்டர் மடிப்பே இல்லாமல் சுருட்டி வந்தால் சந்தேகப்படுங்கள். கீழ் ஓரத்தில் எண் இருக்கிறதா பாருங்கள். 1940-ஐ ஒட்டி நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் போஸ்டர் வினியோகத்தைக் கையில் எடுத்தபிறகு, 49 என்று போட்டு ஒரு சாய்கோடும் இன்னொரு எண்ணும் வரும். 49 என்றால் 1949. முன்னால் ஆங்கில 'ஆர்' எழுத்து இருந்தால் மறுவெளியீட்டுக்கு அச்சடித்தது. எண் இல்லாததாலேயே போலி என்று முடிவு கட்டாதீர்கள், எல்லாமே அவர்கள் வழியாகப் போகவில்லை.

வண்ணத்துக்கு வருகிறேன். படத்தின் வேலை வேறு, போஸ்டரின் வேலை வேறு. போஸ்டர் தெருவில் நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். படத்தில் சாம்பல் நிறமாக வருகிற உடை போஸ்டரில் ரத்தச் சிவப்பு, பின்னணி மஞ்சள். என் மேசைக்கு மேலே ஒரு ஜன்னல் அட்டை மாட்டியிருக்கிறேன். அதில் உள்ள பெண்ணின் தலைமுடி ஆரஞ்சு நிறம். படத்தில் அந்த முடிக்கு நிறமே கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

செய்தித்தாள் விளம்பரங்களையும் தேடிப் பாருங்கள். ஸ்டுடியோ ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளம்பரப் புத்தகம் அனுப்பும். பல அளவுகளில் தயார் விளம்பரங்கள், அவற்றுக்கு எண். அரங்குக்காரர் எண்ணைச் சொல்லிக் காகிதக்கூழ் அச்சு வாங்கிப் பத்திரிகையில் கொடுப்பார். அவர்கள் அதில் ஈயத்தை வார்த்து அச்சடிப்பார்கள். அடியில் அரங்கு தன் சரக்கைச் சேர்த்துக்கொள்ளும். மேலே, துப்பாக்கியோடு ஒரு பெண். கீழே, 'குழந்தைகளுக்கு ஊஞ்சல் உண்டு', 'பால் புட்டி சூடாக்கித் தரப்படும்', 'கார் நிறைய ஆள், ஒரே டாலர்'. மேலும் கீழும் ஒட்டாத இந்த விளம்பரங்களை நான் மணிக்கணக்கில் பார்ப்பேன்.

விற்பனைக்காகப் பெயரையே மாற்றியதும் உண்டு. 'கன் கிரேஸி' 1950-ன் தொடக்கத்தில் 'டெட்லி இஸ் தி ஃபீமேல்' என்ற பெயரில் வந்தது. அதே வருடத்தில் பெயரை மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். இரண்டு பெயரிலும் போஸ்டர் இருக்கும், குழம்பாதீர்கள்.

கேள்வி: டிரைவ்-இன்கள் ஏன் மறைந்தன?
— வாசகி

நகரம் வளர்ந்து நிலத்தின் மதிப்பு ஏறியது பெரிய காரணம். வீட்டுக்குள் வண்ண டிவியும் வீடியோவும் வந்தன. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். 1966-ல் வந்த சட்டத்தால் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் முறை அமெரிக்கா முழுக்கப் பரவலானது. இருட்டினால்தான் படம். இருட்டு ஒரு மணி நேரம் பிந்தியது. குழந்தைகளோடு வருகிறவர்கள் அவ்வளவு நேரம் எப்படி விழித்திருப்பார்கள்? குடும்பக் கூட்டம் குறைந்தது.

அடியோடு போய்விடவில்லை. பென்சில்வேனியாவில் 1934-ல் திறந்த ஷாங்க்வைலர்ஸ் இன்னும் இருக்கிறது. மிசௌரியில், கார்த்தேஜ் ஊரருகே பழைய ரூட் 66 சாலையில் 1949-ல் திறந்த அரங்கும் இருக்கிறது. பெங்கீஸில் பழைய இடைவேளை விளம்பரங்களையும் சேர்த்தே காட்டுகிறார்கள்.

கேள்வி: வீட்டில் நண்பர்களை அழைத்து ஒரு பழைய டிரைவ்-இன் இரவு மாதிரி இரண்டு நுவார் படங்கள் போட ஆசை. எந்தப் படங்கள், எந்த வரிசை?
— இளம் தம்பதி

ரொம்ப சந்தோஷம். முதலில் டிவியைச் சரி செய்யுங்கள். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எந்தப் படமும் சீரியல் மாதிரி ஆகிவிடும். 'ஒன்றும் தெரியவில்லையே' என்று யாராவது சொன்னாலும் திரையின் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். அறை விளக்கை அணையுங்கள், கண் பழகிவிடும்.

ஆரம்பத்தில் ஒரு கார்ட்டூன். பிறகு முதல் படமாக 'டீடூர்' (1945). எட்கர் உல்மர் எடுத்த சின்னப் படம், எழுபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கொஞ்சம் பணத்தில் எடுத்தது என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரியும். கதாநாயகன் லிஃப்ட் கேட்டுப் போகும் சில ஷாட்களில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருப்பதால் அமெரிக்கக் கார்களில் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். நண்பர்களில் யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் பாருங்கள். ஆனால் நடிகை ஆன் சாவேஜ் வந்து காரில் ஏறியதும் இதெல்லாம் மறந்துபோகும். இவ்வளவு கடுமையான ஒரு பெண் பாத்திரத்தை நான் அந்தக் காலப் படங்களில் வேறெங்கும் பார்த்ததில்லை. இணையத்தில் தேய்ந்த பிரின்ட்கள் நிறைய சுற்றுகின்றன. 2018-ல் புதுப்பித்த பிரதியைத் தேடிப் போடுங்கள்.

இடைவேளைக்குப் பத்து நிமிடக் கடிகார விளம்பரத்தை முழுசாக ஓட விடுங்கள், வெட்டாதீர்கள். தின்பண்டம் வேறு அறையில் இருக்கட்டும். எழுந்து போக வேண்டும், அதுதான் முக்கியம்.

இரண்டாவதாக 'கன் கிரேஸி'. அதில் ஒரு காதல் ஜோடி செய்யும் வங்கிக் கொள்ளை வரும். கேமரா காரின் பின்சீட்டை விட்டு இறங்காது. ஊருக்குள் நுழைவதும், நிறுத்த இடம் தேடுவதும், அவன் உள்ளே போவதும், அவள் வெளியே ஒரு போலீஸ்காரரிடம் பேச்சுக் கொடுப்பதும், தப்பி ஓடுவதும் மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாத ஒரே ஷாட். கலிபோர்னியாவின் மாண்ட்ரோஸ் ஊரில், நிஜத் தெருவில் எடுத்தது. வங்கிக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்டவே மாட்டார்கள். காரில் உட்கார்ந்து காத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதனால் அதை முதலில் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பின்னால் வைக்கிற எந்தப் படமும் எடுபடாது.